உருகாமலே ஒட்டும் பனி

"கொலராடோவில் இருக்கும் பையன் அக்டோபர் மாதம் ஒரு படம் அனுப்பினான். மலை முழுக்கப் பழுப்பாகக் காய்ந்து கிடக்கிறது. நடுவில் மட்டும் மேலிருந்து கீழே ஒரு வெள்ளைப் பட்டை. அதில் நூற்றுக்கணக்கான பேர் சறுக்குகிறார்கள். அது பனிதானா, இல்லை ஏதாவது ரசாயனமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பனிதான். கொலராடோவில் அரபஹோ பேசின், லவ்லேண்ட், கீஸ்டோன் ஆகிய மூன்று பனிச்சறுக்குத் தலங்களுக்குள் முதலில் திறப்பது யார் என்று வருடாவருடம் போட்டி நடக்கும். அரபஹோ பேசினின் அடிவாரமே ஏறக்குறைய 3,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்டோபர் ராத்திரிகளில் அங்கே குளிர் போதுமான அளவு வந்துவிடும், வானத்திலிருந்து விழும் பனிதான் போதாது. அதனால் ஒரே ஒரு தடத்துக்கு மட்டும் பனியைச் செய்து நிரப்பிக் கடையைத் திறந்துவிடுகிறார்கள்.

செய்யும் முறை எளிது. தண்ணீரையும் அழுத்தப்பட்ட காற்றையும் சேர்த்துக் குளிர்ந்த வெளியில் பீச்சி அடிக்க வேண்டும். கனெக்டிகட்டில் பனிச்சறுக்குப் பலகை செய்து விற்றுக்கொண்டிருந்த வெய்ன் பியர்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1950-ல் இதைச் செய்து காட்டினார்கள். அந்தக் குளிர்காலத்தில் பனி பொய்த்து, பலகை வியாபாரம் படுத்துவிட்டிருந்தது. பனி இல்லையென்றால் பலகையை யார் வாங்குவார்கள்?

பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால்தானே தண்ணீர் உறையும் என்று கேட்கலாம். வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதுகூடப் பனி செய்ய முடியும், காற்று காய்ந்திருந்தால் போதும். மண்பானையில் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான்: ஆவியாகும் தண்ணீர், மிச்சத் தண்ணீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்றின் வெப்பநிலை 2 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி மைனஸ் 3 வரை இறங்கிவிடும். பனி செய்பவர்கள் பார்ப்பது இந்த ஈர வெப்பநிலையைத்தான். அது மைனஸ் 2-க்குக் கீழே வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக இயந்திரங்களை ஓட்டத் தொடங்குவார்கள்.

குளிர்ந்துவிட்டால் மட்டும் துளி உறைந்துவிடாது. சுத்தமான தண்ணீரின் நுண்துளி மைனஸ் 38 டிகிரிக்குப் பக்கத்தில் போகும்வரைகூட உறையாமல் திரவமாகவே இருக்கும். உறைவதற்கு ஒரு தொடக்கம், பிடித்துக்கொள்ள ஒரு விதை வேண்டும். தூசி அந்த வேலையை ஓரளவு செய்யும். தூசியைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் செய்வது சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா. அதன் வெளித்தோலில் இருக்கும் ஒரு புரதம் தண்ணீர் மூலக்கூறுகளைப் பனிக்கட்டியின் ஒழுங்கிலேயே வரிசைப்படுத்திவிடுவதால், மைனஸ் 2 டிகிரியிலேயே உறைதல் தொடங்கிவிடுகிறது. கொன்று உலர்த்திய இந்த பாக்டீரியாவின் பொடியை ஸ்னோமேக்ஸ் என்ற பெயரில் சில தலங்கள் தண்ணீரில் கலக்கின்றன. வாசகர் கேட்ட ரசாயனத்துக்கு மிக அருகில் வருவது இதுதான்.

இந்தப் பாக்டீரியாவின் திறமையைக் கண்டுபிடித்தவர்கள் பனிச்சறுக்கை நினைத்து வேலை செய்யவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் லிண்டோவும் மற்றவர்களும் மக்காச்சோள இலை ஏன் உறைபனியில் கருகுகிறது என்று ஆராய்ந்தார்கள். இலைமேல் இருந்த பாக்டீரியாதான் உறைதலைத் தூண்டுகிறது என்று 1976-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மக்காச்சோள இலையில் இருக்கும் கிருமியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டு நிதியை மறுத்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. நம் ஊரில் ஆராய்ச்சி விண்ணப்பங்களில் அந்தக் கேள்விக்கு இருக்கும் செல்வாக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மக்காச்சோளம் ஞாபகத்துக்கு வரும்.

சரி, துளி உறையத் தொடங்கிவிட்டது. ஆனால் உறையும்போது வெப்பம் வெளிவரும். மைனஸ் 10 வரை குளிர்ந்த துளியில்கூட எட்டில் ஒரு பங்கு உறைவதற்குள் அந்த வெப்பமே துளியைப் பூஜ்யத்துக்கு ஏற்றிவிடுகிறது. மிச்சம் ஏழு பங்கும் காற்றில் விழுந்துகொண்டே உறைந்தாக வேண்டும். அந்த அவகாசத்துக்காகத்தான் பல பீச்சு குழல்களை உயரமான கம்பங்களின் உச்சியில் வைக்கிறார்கள். துளியின் வெளி ஓடு முதலில் உறையும், உள்ளே இருப்பது அப்புறம். கீழே வந்து சேருவது ஆறு கை விரித்த படிகம் இல்லை, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உருண்டை மணி. புதிதாக விழுந்த இயற்கைப் பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ இருக்கும் என்றால், இந்த மணிகள் 400 கிலோவுக்கு மேல் நெருங்கி உட்காரும்.

குவிந்த பனியை ராத்திரியில் சங்கிலிப் பட்டை போட்ட வண்டிகள் பரப்புகின்றன. முன்னால் பனியைத் தள்ளும் தகடு, பின்னால் பற்கள் வைத்த உருளை, அதற்கும் பின்னால் ரப்பர் சீப்பு. காலையில் தடம் முழுக்கச் சீரான வரிகள் தெரியும். வரி வரியான துணியின் பெயரால் சறுக்குபவர்கள் அதைக் கார்டுராய் என்பார்கள். தடத்தை இப்படிச் சீர்படுத்தும் கலைக்கு முன்னோடி, கொலராடோவின் வின்டர் பார்க்கில் 1950-களில் அதற்கென்றே ஒரு கருவி செய்த ஸ்டீவ் பிராட்லி.

வண்டி போய் முடித்த உடனே அந்தத் தடத்தில் கை வைத்தால் பனி பொலபொலவென்று உதிரும். அதே இடம் விடிவதற்குள் பூட்ஸ் அழுந்தாத அளவுக்கு இறுகியிருக்கும். இத்தனைக்கும் ராத்திரி முழுக்க மைனஸ் 5, மைனஸ் 8 என்றே இருந்திருக்கும். எதுவும் உருகவில்லை, யாரும் தண்ணீர் தெளிக்கவும் இல்லை. அப்படியானால் ஒட்டவைத்தது எது?

1850-ல் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், இரண்டு பனிக்கட்டித் துண்டுகளைத் தொடவைத்தால் அவை ஒன்றாகிவிடுவதைக் காட்டினார். பரப்பில் திரவத்தன்மை கொண்ட மெல்லிய படலம் இருப்பதால்தான் ஒட்டுகிறது என்பது அவர் கருத்து. அழுத்தத்தில் உருகி மறுபடி உறைகிறது என்றார்கள் வேறு சிலர். நூறு வருடத்துக்கும் மேல் போன விவாதம் இது. 1961-ல் ஜப்பானின் குரோய்வா பனி உருண்டைகள் ஒட்டுவதை நுண்ணோக்கியில் படமெடுத்தார். 1964-ல் ஹாப்ஸும் மேசனும் அந்த ஒட்டு வளரும் வேகத்தை அளந்து, முக்கியமான வேலையைச் செய்வது நீராவிதான் என்று காட்டினார்கள்.

இரண்டு மணிகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தை மட்டும் பாருங்கள். உருண்டையின் வெளிப்பக்கம் குவிந்திருக்கிறது. அங்கே இருக்கும் மூலக்கூறுக்கு அக்கம்பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் குறைவு, சுலபமாகக் கழன்று ஆவியாகிவிடும். இரண்டு மணிகளும் சந்திக்கும் இடுக்கு குழிந்திருக்கிறது. அங்கே போய் விழுந்த மூலக்கூறைச் சுற்றி நிறையப் பேர் பிடித்துக்கொள்வார்கள், அது மறுபடி கிளம்புவது கஷ்டம். ஆகவே குவிந்த பக்கத்திலிருந்து கிளம்பும் நீராவி, காற்றிடைவெளியைக் கடந்து இடுக்கில் போய்ப் படிகிறது. புள்ளியாக இருந்த தொடுகை கழுத்தாகத் தடிக்கிறது. முதலில் விறுவிறுவென்று, போகப்போக மெதுவாக. பார்க்க எதுவுமே அசையாத அந்தத் தடத்துக்குள், ராத்திரி முழுக்கக் கோடிக்கணக்கான இடுக்குகளில் இந்த வேலை நடக்கிறது. எனக்குத் தெரிந்த இயற்பியலிலேயே மிக அழகான விஷயங்களில் இது ஒன்று. வடிவத்தில் இருக்கும் வித்தியாசம் மட்டுமே இந்தப் பாலத்தைக் கட்டுகிறது.

இதற்குச் சின்டரிங் என்று பெயர். மேலே சொன்ன மண்பானை சூளையில் உறுதியாவதிலும், உலோகப் பொடியை அச்சில் அழுத்திச் சூடாக்கிப் பல்சக்கரம் செய்வதிலும் நடப்பது இதுதான். அங்கெல்லாம் கடும் சூடு வேண்டும், பனிக்கு மட்டும் மைனஸ் 5 எப்படிப் போதும்? பனிக்கட்டியின் கணக்கில் மைனஸ் 5 என்பது கடும் சூடு. கெல்வினில் பார்த்தால் உருகுநிலை 273, மைனஸ் 5 என்பது 268. உருகுநிலையில் 98 சதவீதம். இரும்பை அந்த நிலைக்குக் கொண்டுவர 1,500 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்ற வேண்டும்.

இது புரிந்துவிட்டால் வண்டி ஏன் அப்படி வேலை செய்கிறது என்பதும் புரிந்துவிடும். பல்லுருளை கட்டிகளை உடைத்துப் பொடியாக்குகிறது. மணி சிறிதாக ஆக வளைவு அதிகம், தொடும் இடங்களும் அதிகம், கழுத்து சீக்கிரம் வளரும். அப்புறம் வேண்டியது நேரம். சாயங்காலமே சீர்செய்த தடத்துக்கு இறுக ஒரு முழு ராத்திரி கிடைக்கிறது. விடியற்காலையில் சீர்செய்தது காலையில் பட்டாய் இருக்கும், கூட்டம் ஏறினால் சீக்கிரமே கலைந்துவிடும். சீசன் தொடக்கத்தில் இருக்கும் ஒரே தடத்தில் அத்தனை பேரும் இறங்குவதால், பலகைகளின் விளிம்பு கழுத்துகளை வெட்டி வெட்டி, மத்தியானத்துக்குள் உதிரிப் பனி ஓரங்களில் குவிந்துவிடும். நடுவில் பளபளவென்று பனிக்கட்டி தெரியும்.

இதே நீராவி எதிர்வேலையும் செய்யும். அக்டோபரில் உயரமான நிழல் சரிவுகளில் விழும் இயற்கைப் பனி மெல்லியது. அடியில் நிலம் ஏறக்குறைய பூஜ்யம், மேலே காற்று மைனஸ் 20 என்றால், அரை மீட்டர் பனிக்குள் 20 டிகிரி வித்தியாசம். அப்போது நீராவி பக்கத்து இடுக்கைத் தேடாமல் நேராக மேலே ஓடுகிறது. கழுத்துகள் கரைந்து, முனைகள் கூர்ந்த கிண்ண வடிவப் படிகங்கள் வளர்கின்றன. அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும். பிறகு விழும் கனத்த பனி இந்தப் பிடிப்பில்லாத அடுக்கின்மேல்தான் உட்கார வேண்டும். கொலராடோவின் பனிச்சரிவுகள் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

பனி ஆராய்ச்சி பணக்கார நாடுகளின் விளையாட்டுக்காக என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த 10 பேரில் பெரும்பாலானோர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் வீரர்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். பனியையும் பனிச்சரிவையும் ஆராய 1969-ல் மனாலியில் தொடங்கிய நிறுவனம் இன்று பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் வேறொரு ஆய்வகத்தோடு இணைந்து இயங்குகிறது. இந்தத் துறைக்கு நம் பல்கலைக்கழகங்களும் மாணவர்களை அனுப்ப வேண்டும், அதற்கு நிதியும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சறுக்குத் தலங்களில் அந்தப் பலவீனமான அடுக்கைச் சரிசெய்ய, வண்டி ஏற முடியாத சரிவுகளில் மனிதக் கால்களையே நம்புகிறார்கள். கொலராடோவின் ஆஸ்பென் ஹைலேண்ட்ஸில், ஹைலேண்ட் பவுல் என்ற செங்குத்துச் சரிவில், சீசன் தொடங்குமுன் ஆட்கள் வரிசையாக நின்று பூட்ஸ் காலால் மிதித்தபடியே நடக்கிறார்கள். கூலியாகச் சறுக்குவதற்கான பாஸ் கிடைக்கும். மிதிபட்ட கிண்ணப் படிகங்கள் நொறுங்கி, நெருங்கி, ஒன்றையொன்று தொடுகின்றன. அடுத்த பனிப்பொழிவு வருவதற்குள் அந்தத் தொடுகைகளில் கழுத்து வளர்ந்திருக்கும்.