மூழ்கிய நெல் எடுக்கும் முடிவு

நெல்லுக்குத் தண்ணீர் பிடிக்கும் என்பது பாதி உண்மைதான். வேர் சேற்றில் கிடக்கலாம், கணுக்கால் அளவு நீர் நாள்கணக்கில் நிற்கலாம். தலை மட்டும் வெளியே இருந்தாக வேண்டும். இலை நுனியும் சேர்ந்து மூழ்கிவிட்டால் பெரும்பாலான ரகங்கள் ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். அப்புறம் அழுகல்தான்.

காற்றில் பரவுவதைவிட நீரில் வாயுக்கள் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். சேற்று மண்ணில் ஆக்சிஜன் கிடையாது என்பதால், நெல் தன் இலையில் வாங்கும் காற்றைத் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக வேருக்கு இறக்குகிறது. மேல்முனையே மூழ்கிப்போனால் அந்த வழி அடைபட்ட மாதிரிதான். கலங்கல் நீரில் வெளிச்சமும் போதாது. சின்ன ஆறுதல் ஒன்று உண்டு. நெல் இலையின் மெழுகுப் பரப்பில் நீர் ஒட்டாது. அதனால் மூழ்கிய பிறகும் மெல்லிய காற்றுப் படலம் ஒன்று இலையைப் போர்த்தியிருக்கும். நீருக்குள் இலை வெள்ளி போல மினுங்குவது அதனால்தான். அதுவும் சில நாளில் கரைந்துவிடும்.

சரி, தான் மூழ்கிவிட்டோம் என்பது செடிக்கு எப்படித் தெரிகிறது? ஆக்சிஜன் குறைவதை வைத்து என்றுதான் நினைக்கத் தோன்றும். அதற்கும் முன்பே துப்புக் கொடுப்பது எத்திலீன். வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அதே வாயு. செடிகள் எப்போதும் கொஞ்சம் எத்திலீனை உண்டாக்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. நீருக்குள் அது வெளியேற முடியாமல் திசுக்களிலேயே தேங்குகிறது. தான் வெளியே விட்ட வாயு போகாமல் உள்ளேயே நிற்பதுதான் செடிக்கு வெள்ளச் செய்தி. இவ்வளவு சிக்கனமான உணர்கருவியை யாரும் உட்கார்ந்து வடிவமைத்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும்.

செய்தி வந்ததும் சாதாரண நெல் செய்வது, ஓட்டம். ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் கை ஓங்கி, தண்டும் இலையும் மேல்நோக்கி நீள்கின்றன. நீர்மட்டம் ஏற ஏறத் தாமரைத் தண்டு நீள்கிற கதைதான். ஆனால் நீள்வதற்குச் சர்க்கரை வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகள் சுமார் 30 கிடைக்கும். இல்லாவிட்டால் வெறும் 2. செடி கையிருப்பை எரித்துக்கொண்டே ஓடுகிறது. வெள்ளம் ஆழமாக இருந்தால் மேற்பரப்பை எட்டும் முன்பே இருப்பு தீர்ந்துவிடும். அதற்குள் நீர் வடிந்தாலும் நல்லதல்ல: ஒல்லியாக நீண்ட தண்டு நிற்க முடியாமல் சாய்ந்துவிடுகிறது.

ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்ஆர்13ஏ என்ற ரகம் ஓடுவதில்லை. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, இருப்பை வீணாக்காமல், இரண்டு வாரம் சும்மா கிடக்கும். நீர் வடிந்ததும் புதுக் குருத்து விடும். இந்தப் பொறுமையின் பெரும்பகுதி 9-ஆம் குரோமோசோமில் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று 1990-களில் கண்டுபிடித்தார்கள். அங்கே இருக்கும் மரபணு சப்1ஏ என்பது 2006-இல் தெளிவானது. எத்திலீன் தேங்கியதும் இது விழித்துக்கொண்டு, ஜிப்ரலினுக்குத் தடைபோடும் புரதங்களைப் பெருக்குகிறது. ஓடு என்ற கட்டளை வந்தும் கால் நகர்வதில்லை.

எஃப்ஆர்13ஏ-வை நல்ல ரகங்களோடு ஒட்டுச்சேர்க்க முன்பே முயன்றார்கள். வெள்ளம் தாங்கும் குணத்தோடு குறைந்த விளைச்சலும் மட்டமான அரிசியும் கூடவே வந்து தொலைத்தன. மரபணுவின் இடம் தெரிந்த பிறகு, ஒவ்வொரு தலைமுறையிலும் டிஎன்ஏ அடையாளத்தைப் பார்த்து வேண்டாததைக் கழிக்க முடிந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஸ்வர்ணா என்ற பிரபல இந்திய ரகத்தில் சப்1ஏ-வை இப்படிச் சேர்த்து உருவாக்கிய ஸ்வர்ணா-சப்1, இந்தியாவில் 2009-இல் வெளியிடப்பட்டது. ஸ்வர்ணாவின் மகசூல், ஸ்வர்ணாவின் அரிசி. கூடுதலாக இரண்டு வாரம் மூழ்கிக் கிடக்கும் தெம்பு. இது மரபணு மாற்றப் பயிர் அல்ல, பழைய முறை ஒட்டுச்சேர்க்கைதான்.

அப்படியானால் பொறுமைதான் புத்திசாலித்தனமா? இல்லை. மாதக்கணக்கில் பல மீட்டர் நீர் நிற்கும் தாழ்நிலங்களில் இரண்டு வாரப் பொறுமை எதற்கு உதவும்? அங்கே வளரும் ஆழ்நீர் நெல் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல்கூட நீளும். அதை இயக்கும் ஸ்நார்கல் மரபணுக்களை 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவையும் சப்1ஏ-வும் ஒரே மரபணுக் குடும்பம். எழுப்புவதும் அதே எத்திலீன்தான். ஒரு பங்காளி ஓடச் சொல்கிறான், இன்னொருவன் உட்காரச் சொல்கிறான்.

காட்டுச் செடிகளிலும் இதே பிரிவினை உண்டு. நெதர்லாந்தின் ரைன் ஆற்றுப் படுகையில் வளரும், நம் சுக்காங்கீரையின் உறவுக்காரச் செடிகளில் ஒன்றான ரூமெக்ஸ் பலுஸ்ட்ரிஸ் மூழ்கியதும் இலைக்காம்பை நீட்டி வெளியே எட்டிப் பார்க்கும். அதன் உறவான ரூமெக்ஸ் அசிடோசா அசையாமல் கிடக்கும்.

சப்1ஏ-வுக்கும் எல்லை இருக்கிறது. அரை மீட்டர் நீர் பருவம் முழுக்க வடியாமல் நிற்கிற வயலில் அது உதவாது. அங்கே கொஞ்சம் நீள்வதே பிழைப்பு. நேரடியாக விதைத்ததும் வெள்ளம் வந்தாலும் கதை மாறும். விதைக்குள் சும்மா கிடந்தால் முளையே வராது. குருத்தைப் போர்த்திய உறை விறுவிறுவென நீண்டு காற்றைத் தொட வேண்டும். மியான்மரின் காவ் ஹ்லான் ஆன் என்ற ரகத்துக்கு அந்தத் திறமை உண்டு. அதன் மரபணுவையும் சப்1ஏ-வையும் இந்தோனேசியாவின் சிஹெராங் ரகத்தில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்: முளைக்கும்போது ஓட வேண்டும், வளர்ந்த பிறகு அசையாமல் கிடக்க வேண்டும்.