பல்கருனி வழங்கல்

டெபியன் என்ற இயங்குதள வழங்கலின் (டிஸ்ட்ரிபியூஷன்) முழுப்பெயர் ‘டெபியன் குனு/லினக்ஸ்’. நடுவிலுள்ள சாய்கோட்டைப் பலரும் கவனிப்பதில்லை. கோட்டுக்கு இடப்பக்கம் கட்டளைகளும் நூலகங்களும் அடங்கிய குனு மென்பொருள்கள், வலப்பக்கம் கெர்னல். அந்த வலப்பக்கத்தை மட்டும் கழற்றிவிட்டு வேறொரு கெர்னலை மாட்டினாலும் அதே மென்பொருள் பொதிகள் (பேக்கேஜ்கள்) ஓட வேண்டும் என்று கட்டப்படுவதே பல்கருனி வழங்கல்.

கெர்னல் என்பது தானியத்தைக் குறிக்கும் ‘கார்ன்’ என்ற சொல்லோடு சிறுமை விகுதி சேர்ந்து பிறந்த பழைய ஆங்கிலச் சொல். முதலில் சிறு விதை. பிறகு கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. யுனிக்ஸில் நாம் கட்டளை இடும் பகுதிக்கு ஷெல், அதாவது ஓடு என்று பெயர் வந்தது இதற்குப் பொருத்தமான ஜோடி. வன்பொருளையும் நினைவகத்தையும் நிரல்களுக்குப் பங்கிட்டுத் தருவது உள்ளே இருக்கும் பருப்பு.

தமிழில் ‘கர்னல்’ என்று எழுதினால் ராணுவ அதிகாரி வந்து நிற்கிறார். ‘கரு’ என்று சுருக்கினால் வேறு சிக்கல்: செயலியின் கோர்களையும் கரு என்கிறோம், ஆகவே ‘பல்கரு’ மல்டிகோர் ஆகிவிடும். ‘காழ்’ எனக்குப் பிடித்த சொல். உள்ளே வைரம் பாய்ந்தது மரம், வெளியே வைரம் பாய்ந்தது புல் என்று பிரிக்கத் தொல்காப்பியம் கையாளும் சொல் அது. விதை என்றும் பொருள் உண்டு. ஆனால் இன்று யாருக்கும் வாயில் வராது. கணித்தமிழில் ஏற்கெனவே புழங்கும் ‘கருனி’யே போதும். மைக்ரோகெர்னலுக்கு நுண்கருனி என்று சொல் நீளவும் இடம் தருகிறது.

இனி பொருளுக்கு வருவோம். ஆர்ச் லினக்ஸ் என்ற வழங்கலில் வழக்கமான கருனியோடு நீண்டகால ஆதரவுக் கருனி, ஜென் கருனி என்று பலவற்றை நிறுவிக்கொள்ளலாம். அது பல்கருனி அன்று; எல்லாமே லினக்ஸ்தான், பதிப்பும் ஒட்டுகளும்தான் (பேட்ச்) வேறு. டெபியன் செய்தது வேறு வேலை. 2011இல் வந்த டெபியன் 6.0இல் யுனிக்ஸ் வழிவந்த இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியின் கருனி மேல் குனு மென்பொருள்களை ஏற்றி, ‘குனு/கேஃப்ரீபிஎஸ்டி’ என்று தொழில்நுட்ப முன்னோட்டமாக வெளியிட்டார்கள். அந்த ‘கே’ கெர்னலைக் குறிக்கிறது: கருனி மட்டுமே ஃப்ரீபிஎஸ்டி, மற்றதெல்லாம் டெபியன். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையும் பிஎஃப் தீயரணும் வேண்டியவர்களுக்கு அது கவர்ச்சி.

சிரமம் பொதிகளில்தான். லினக்ஸில் மட்டும் இருக்கும் வசதியை நம்பி எழுதிய நிரல் வேறு கருனியில் ஓடாது. இணைக்கப்படும் சாதனங்களைக் கவனிக்கும் யுடெவ், கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி இரண்டும் அப்படிப்பட்டவை. அத்தகைய பொதியின் கட்டுப்பாட்டுக் கோப்பில் ‘லினக்ஸ்-எனி’ என்று குறித்து ஒதுக்கிவிடலாம். ஆனால் அதைச் சார்ந்த பொதிகளை என்ன செய்வது?

குனுவின் சொந்தக் கருனியான ஹர்டில் இது இன்னும் வேடிக்கை. கோப்புப் பாதையின் நீளத்துக்கு லினக்ஸ் 4096 பைட் என்று வரம்பு வைத்து, அதற்கு ‘பாத்_மேக்ஸ்’ என்று பெயரிட்டிருக்கிறது. ஹர்டில் அந்த வரம்பே இல்லை, அதனால் அந்தப் பெயரும் இல்லை. அந்தப் பெயரை அளவாகக் கொண்டு அணி (அரே) அறிவித்த சி நிரல் எதுவும் ஹர்டில் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். ஒவ்வொன்றாகத் திறந்து, நினைவகத்தைத் தேவைக்கேற்ப ஒதுக்கும்படி திருத்த வேண்டும். இந்தத் திருத்தத்தால் மூல நிரல் ஒழுங்குபடுவது உண்மைதான். ஆனால் லினக்ஸில் மட்டும் ஓட்டுபவருக்கு அதில் அவசரம் இருக்காது.

2015இல் வந்த டெபியன் 8இன் அதிகாரப்பூர்வ வெளியீட்டில் கேஃப்ரீபிஎஸ்டி இடம்பெறவில்லை. 2023இல் அத்திட்டமே முடித்துவைக்கப்பட்டது. ஹர்ட் வடிவம் அதிகாரப்பூர்வ வெளியீடாக ஒருபோதும் ஆகாவிட்டாலும் தொடர்கிறது. 2025 ஆகஸ்டில் 64 பிட் ஆதரவோடு வந்தது. அதில் கருனியின் பெயரைக் கேட்கும் ‘யூநேம்’ கட்டளையை இட்டால் ‘குனு’ என்று மட்டும் பதில் வரும், சாய்கோடு கிடையாது.