பாலிம்செஸ்ட்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

தோலேட்டில் இருந்த பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு, அதன்மேல் வேறொன்றை எழுதினால் அந்த ஏட்டுக்கு ஆங்கிலத்தில் பாலிம்செஸ்ட் என்று பெயர். கிரேக்கத்தில் பிறந்து லத்தீன் வழியாக வந்த சொல். 'பாலின்' என்றால் மறுபடியும். 'ப்சாவோ' என்றால் தேய், சுரண்டு. மறுபடி சுரண்டியது, அவ்வளவுதான். எழுதுவதைப் பற்றி மூலச்சொல்லில் பேச்சே இல்லை.

விலங்குத் தோலைப் பதப்படுத்தி ஏடாக்குவது செலவு பிடித்த வேலை. அதனால், யாரும் படிக்காத நூல் கிடந்தால் அதன் மையைக் கழுவிச் சுரண்டிப் புதிய நூலுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆனால் மை முழுதாகப் போய்விடாது. ஆர்க்கிமிடீஸின் நூல்களை 10ஆம் நூற்றாண்டில் யாரோ படியெடுத்து வைத்திருந்தார். 1229இல் அந்த ஏடுகளைச் சுரண்டி, குறுக்காகத் திருப்பி, ஜெபப் புத்தகமாக்கிவிட்டார்கள். 1906இல் டென்மார்க் அறிஞர் ஹைபர்க் ஜெப வரிகளுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த கணிதத்தை ஆர்க்கிமிடீஸ் எழுதியது என்று கண்டுகொண்டார். அப்புறம் ஒரு நூற்றாண்டு கழித்து, பழைய மையில் இருந்த இரும்பை எக்ஸ்ரே கதிரால் தேடி, கண்ணுக்குத் தெரியாத வரிகளையும் படித்தார்கள். 'முறை' என்ற ஆர்க்கிமிடீஸின் நூலின் கிரேக்க மூலம் இந்த ஒரு பிரதியில்தான் பிழைத்திருக்கிறது. நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இன்று பழைய தெருக்களின் மேல் எழும்பிய நகரத்தையும், மனித நினைவையும்கூட இந்தச் சொல்லால் குறிக்கிறார்கள்.

சரி, தமிழில்? பனையோலையில் எழுத்தாணியால் கீறித்தான் எழுதினார்கள். கீறியதைச் சுரண்டினால் ஓலையே போய்விடும். பொருளே இல்லாத இடத்தில் சொல்லைத் தேட முடியாது, ஆக்கத்தான் வேண்டும். 'அழித்தெழுது சுவடி' என்று சொல்லிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. அழியாமல் நின்றதுதானே இதன் உயிர்! 'மறுசுரண்டல்' என்றால் அடுத்தவர் உழைப்பைச் சுரண்டுவதாகக் காதில் விழும்.

'மீதெழுத்துச் சுவடி' என்பதே என் தேர்வு. ஒன்றின்மீது இன்னொன்று என்பது சொல்லிலேயே இருக்கிறது. புதிதாக எழுதியதை மேலெழுத்து என்றும், புதைந்து கிடப்பதை அடியெழுத்து என்றும் பிரித்துச் சொல்லவும் வசதி. சுவடி என்று சொல்லும்போதே சுவடும் கூடவே ஒலிக்கிறது.