மைக்ரோக்ளியா: மூளைக் காவலணு

அம்மிச்சிக்கு மறதி, அப்பிச்சிக்குக் கை நடுக்கம் என்று கோவைக்கும் ஈரோட்டுக்கும் அலைகிற குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் மைக்ரோக்ளியா; மூளையில் இருக்கும் ஒரு வகை உயிரணுவின் பெயர். அல்சைமர், பார்க்கின்சன் இரண்டிலும் இதற்குப் பங்கு உண்டு.

கிரேக்கத்தில் ‘மைக்ரோஸ்’ சிறியது, ‘க்ளியா’ பசை. நரம்பணுக்களுக்கு நடுவே இருப்பதை 1856-இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ ‘நியூரோக்ளியா’, அதாவது நரம்புப் பசை, என்றார். சென்னிமலைத் தறிக்காரர் பாவுக்குப் போடும் கஞ்சியைப் போல, அது நரம்பைத் தாங்கும், வேறு வேலை இல்லை என்பது அவர் எண்ணம். 1919-இல் ஸ்பெயின் ஆய்வாளர் பியோ டெல் ரியோ ஓர்த்தேகா, வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்து, அந்த நியூரோக்ளியாவுக்குள் ஒரு தனி அணு வகையைப் பிரித்தறிந்து மைக்ரோக்ளியா என்று பெயரிட்டார்.

பெயரில்தான் பசை. உண்மையில் இவை நோய் எதிர்ப்பு அணுக்கள். கரு வளரும் தொடக்கத்திலேயே கருவுணவுப்பையில் பிறந்து மூளைக்குள் குடியேறிவிடுகின்றன. மெல்லிய கிளைகளை நீட்டி ஓயாமல் துழாவுகின்றன; செத்த அணுக்களை விழுங்குகின்றன; வளரும் மூளையில் வேண்டாத நரம்பிணைப்புகளைக் கழிக்கின்றன. அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவுகளைச் சூழ்ந்து அகற்றப் பார்ப்பவையும் இவைதாம். ஆனால் அந்தக் கிளர்ச்சி அடங்காமல் நீடித்தால், இவை சுரக்கும் அழற்சிப் பொருள்களே நரம்பணுக்களைக் கெடுக்கும். டிரெம்-2 என்ற மரபணுவின் சில திரிபுகள் அல்சைமர் அபாயத்தைக் கூட்டுவதாக 2013-இல் தெரியவந்தது. மூளையில் அந்த மரபணு முக்கியமாக இயங்குவது மைக்ரோக்ளியாவில்தான்.

நரம்பின் உறை சிதையும் நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் கதை வேறு. அங்கே ரத்தத்திலிருந்து டி, பி என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் மூளைக்குள் நுழைந்து நரம்பின் மையலின் உறையைத் தாக்குகின்றன. மருத்துவர் தரும் மருந்துகள் பெரும்பாலும் அந்த எதிர்ப்பைத் தணிப்பவை. ‘எதிர்ப்பு சக்தி கூடட்டும்’ என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் பொடியையோ லேகியத்தையோ வாங்கிக் கொடுக்கும் முன், தயவுசெய்து மருத்துவரைக் கேளுங்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? வேரை அப்படியே பெயர்த்தால் ‘நுண்பசையணு’ வரும். விர்ச்சோவின் பழைய எண்ணமும் கூடவே வந்துவிடும். ‘மூளை விழுங்கணு’ என்றால் மூளையையே தின்னும் கிருமி என்று கேட்பவர் பயந்துபோவார். செய்யும் தொழிலைச் சொல்லும் ‘மூளைக் காவலணு’ எனக்குச் சரியாகப் படுகிறது. நோயில் மூர்க்கமாகும் நிலையைக் ‘கிளர்ந்த காவலணு’ எனலாம். மருத்துவரிடம் பேசும்போது மட்டும் மைக்ரோக்ளியா என்றே சொல்லுங்கள்.