ஏக்கருக்கு ஓர் ஓட்டு: டிஸ்னி வேர்ல்டின் வரி மாவட்டம் யார் கையில்?

அமெரிக்க உள்ளாட்சி அமைப்புகள் வெளியிடும் கடன் பத்திரங்களை ஆராய்ந்து, அவற்றில் பணம் போடலாமா வேண்டாமா என்று சொல்வது என் தொழில். நகராட்சி, பள்ளி மாவட்டம், தண்ணீர் வாரியம் என்று பல அமைப்புகளின் ஆவணங்கள் என் மேசைக்கு வரும். அவற்றில் நான் மிகவும் நிதானமாகப் படிப்பது சிறப்பு வரி மாவட்டங்களின் ஆவணங்களைத்தான். இவை வரி விதிக்கும், கடன் வாங்கும், சாலை போடும், வடிகால் கட்டும். ஆனால் அப்படி ஓர் அரசாங்கம் தங்கள் தெருவில் இருப்பதே அங்கே குடியிருக்கும் பலருக்குத் தெரியாது.

2022-ல் இப்படிப்பட்ட ஒரு மாவட்டம் உலகச் செய்தியானது. ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்ட் அமைந்திருக்கும் நிலத்தை நிர்வகிக்கும் ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டம் அது. அப்போதிலிருந்து நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "டிஸ்னி இத்தனை வருஷமாக வரியே கட்டவில்லையாமே?" இல்லை. ஆரஞ்சு, ஓசியோலா என்ற இரண்டு கவுண்டிகளுக்கும் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) டிஸ்னி மற்றவர்களைப் போலச் சொத்து வரி கட்டிவந்தது. அதற்கு மேல், ரீடி கிரீக் மாவட்டத்துக்கும் தனியாக வரி கட்டியது. சிக்கல் இருந்தது வேறு இடத்தில். அந்த இரண்டாவது வரியை விதிக்கும் வாரியத்தைத் தேர்ந்தெடுத்ததே டிஸ்னிதான்.

1960-களின் நடுவில், வெளியே தெரியாத சில கம்பெனிகளின் பெயரில் ஆர்லாண்டோவுக்குத் தென்மேற்கே 27,000 ஏக்கருக்கும் மேல் வாங்கிச் சேர்த்தார் வால்ட் டிஸ்னி. சதுப்பும் புதரும் நிறைந்த நிலம். அங்கே தண்ணீர்க் குழாயோ சாக்கடையோ கிடையாது, அவற்றைக் கட்டித்தரும் வசதி அந்தக் கவுண்டிகளுக்கும் அன்று இல்லை. 1966 டிசம்பரில் வால்ட் இறந்துபோனார். ஆனாலும் நிறுவனம் மாநிலச் சட்டமன்றத்தை அணுகியது. எதிர்கால நகரம் ஒன்றைக் கட்டப்போகிறோம், அதற்கு எங்களுக்கென்று ஓர் உள்ளாட்சி வேண்டும் என்றது. 1967 மே மாதம் ஆளுநர் கிளாட் கிர்க் கையெழுத்துப் போட, ரீடி கிரீக் பிறந்தது. மக்கள் வாழும் அந்த நகரம் கடைசிவரை வரவில்லை. 1971 அக்டோபரில் திறந்தது கேளிக்கைப் பூங்கா.

கிடைத்த அதிகாரங்களைப் படித்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. கட்டட விதிகளை அதுவே எழுதிக்கொள்ளலாம். நிலப் பயன்பாடு, தீயணைப்பு, மின்சாரம், வடிகால் எல்லாம் அதன் கையில். பொதுக் காரியத்துக்கென்று பிறர் நிலத்தைக் கையகப்படுத்தலாம். விமான நிலையமும், அணுமின் நிலையமும்கூடக் கட்டலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. வட்டிக்கு வருமான வரி விலக்கு உள்ள கடன் பத்திரங்களை வெளியிடலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது இந்தக் கடைசி அதிகாரம்தான். வரி விலக்கு இருந்தால் முதலீட்டாளர் குறைந்த வட்டிக்கே பணம் தருவார். எந்தத் தனியார் நிறுவனமும் வங்கியில் வாங்க முடியாத விலையில் சாலைக்கும் சாக்கடைக்கும் பணம் கிடைத்துவிடும்.

ஐந்து பேர் கொண்ட வாரியத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஏக்கருக்கு ஓர் ஓட்டு. உறுப்பினராக இருப்பவர் அங்கே நிலம் வைத்திருக்க வேண்டும் என்பதால், டிஸ்னி ஒவ்வொருவருக்கும் ஐந்து ஏக்கர் கொடுத்து வைத்தது. மாவட்டத்துக்குள் இரண்டு குட்டி நகரங்கள் உண்டு, இரண்டிலும் சேர்த்துச் சில டஜன் பேர்தான் குடியிருப்பு. இதெல்லாம் சட்டப்படி செல்லுமா என்று சந்தேகப்படுவது இயல்பு. 1968-லேயே ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் இந்த மாவட்டத்தின் கடன் பத்திரங்கள் பொது நோக்கத்துக்கானவை என்று ஏற்றுக்கொண்டது. 1973-ல் கலிஃபோர்னியாவின் ஒரு நீர்ச் சேமிப்பு மாவட்ட வழக்கில், இத்தகைய சிறப்பு அமைப்புகளில் நில உரிமையாளர்களுக்கு மட்டும் ஓட்டு இருப்பது அரசியலமைப்புக்கு முரணல்ல என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம்.

நிர்வாகம் மோசமாக இருந்ததா? இல்லை. வடிகாலும் தீயணைப்பும் தரமாக இருந்தன, கடனும் தவணை தவறாமல் அடைந்தது. ஆனால் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். 1990-ல் அந்த வட்டாரத்துக்கு ஒதுக்கப்பட்ட வரிவிலக்குப் பத்திர வரம்பை, முந்தியவருக்கே முதலிடம் என்ற விதியின்படி, ரீடி கிரீக் தன் கழிவுநீர்த் திட்டத்துக்காக எடுத்துக்கொண்டது. சுமார் 57 மில்லியன் டாலர். அதே வரம்பை ஏழைகளின் வீட்டு வசதிக்காக ஆரஞ்சு கவுண்டியும் எதிர்பார்த்திருந்தது. எந்த விதியும் மீறப்படவில்லை. அதனால்தான் இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் 2022. பள்ளிகளில் பாலின ஈர்ப்பு, பாலின அடையாளம் பற்றிய பாடங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தில் ஆளுநர் ரான் டிசாண்டிஸ் மார்ச் 28 அன்று கையெழுத்திட்டார். முதலில் வாய் திறக்காமல் இருந்து ஊழியர்களின் கோபத்தைச் சம்பாதித்த டிஸ்னி, பிறகு அந்தச் சட்டம் ரத்தாக வேண்டும் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 22-ல் ரீடி கிரீக்கைக் கலைக்கும் சட்டம் கையெழுத்தானது. 1968 நவம்பருக்கு முன் உருவாகி, மறு உறுதி பெறாத சிறப்பு மாவட்டங்கள் எல்லாம் 2023 ஜூன் 1-ல் ஒழியும் என்று பொதுவாகத்தான் எழுதியிருந்தார்கள். குறி யார் மேல் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

அந்த வாரம் எங்கள் துறையில் எல்லோரும் 1967-ன் சட்டத்தைத் தேடி எடுத்துப் படித்தோம். மாவட்டத்தின் தலையில் சுமார் ஒரு பில்லியன் டாலர் கடன் இருந்தது. ஃபுளோரிடாவின் பொது விதிப்படி, ஒரு சிறப்பு மாவட்டம் கலைந்தால் அதன் கடன் அந்தப் பகுதியின் பொது உள்ளாட்சிக்குப் போகும். அதாவது இரண்டு கவுண்டிகளின் சாதாரண வீட்டுக்காரர்களுக்கு. ரீடி கிரீக் ஆயிரம் டாலர் மதிப்புக்கு 30 டாலர் வரை சொத்து வரி போடலாம், கவுண்டியின் உச்சவரம்போ 10 டாலர். டிஸ்னி தானாகவே கட்டிக்கொண்டிருந்த அந்தக் கூடுதல் வரி மறைந்து, கடன் மட்டும் ஊராரிடம் வந்து சேர்ந்திருக்கும். ஆரஞ்சு கவுண்டியின் வரி வசூல் அதிகாரி இதை அப்போதே உரக்கச் சொன்னார். கடன் தர மதிப்பீடு செய்யும் ஃபிட்ச் நிறுவனம் பத்திரங்களைத் தரக்குறைப்புக்கான கண்காணிப்பில் வைத்தது.

1967-ன் சட்டத்தில் இன்னொரு வாக்கியமும் இருந்தது. வாங்கிய கடன் வட்டியோடு முழுதும் அடையும் வரை, இந்த மாவட்டத்தின் வரி விதிக்கும் உரிமையைக் குறைக்கவோ மாற்றவோ மாட்டோம் என்று பத்திரதாரர்களுக்கு மாநில அரசே உறுதி கொடுத்திருந்தது. முதலீட்டாளர்கள் பணம் கொடுத்தது அந்த உறுதியை நம்பித்தான். ஆத்திரத்தில் சட்டம் எழுதும்போது இப்படிப்பட்ட வாக்கியங்களை யாரும் படிப்பதில்லை. கடன் பத்திர ஆவணம் படிக்கும் இளைஞர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் நான் பாடம் ஆரம்பிக்கிறேன்.

கலைப்பது நடக்காது என்று சட்டமன்றத்துக்கும் புரிந்தது. 2023 பிப்ரவரி 27-ல் வேறு சட்டம் வந்தது. மாவட்டம் தொடரும், கடனும் அதனிடமே இருக்கும். பெயர் மத்திய ஃபுளோரிடா சுற்றுலா மேற்பார்வை மாவட்டம் என்று மாறும். வாரியத்தின் ஐந்து உறுப்பினர்களையும் ஆளுநரே நியமிப்பார், மாநில செனட் ஒப்புதல் தரும். கடந்த மூன்று ஆண்டுகளில் கேளிக்கைப் பூங்கா நிறுவனத்தில் வேலை பார்த்தவர் உறுப்பினராக முடியாது. அணுமின் நிலைய அதிகாரம் போயிற்று.

ஆனால் பழைய வாரியம் சும்மா இருக்கவில்லை. சட்டம் வருவதற்கு முன்பே, பிப்ரவரி 8-ல், டிஸ்னியுடன் 30 ஆண்டு மேம்பாட்டு ஒப்பந்தம் ஒன்றை நிறைவேற்றியிருந்தது. எங்கே எவ்வளவு கட்டலாம் என்ற உரிமை டிஸ்னிக்கு உறுதியானது. கூடவே வந்த இன்னொரு ஆவணத்தின்படி, மாவட்டக் கட்டடங்களின் வெளித்தோற்றத்தை மாற்றவும் டிஸ்னியின் சம்மதம் தேவை. அந்த ஆவணம், தான் என்றென்றைக்கும் செல்லும் என்றது; அப்படி முடிவே இல்லாமல் செல்ல முடியாது என்று சட்டம் சொன்னால், பிரிட்டன் மன்னர் மூன்றாம் சார்லஸின் அன்று உயிரோடிருக்கும் சந்ததியரில் கடைசி நபர் இறந்து 21 ஆண்டுகள் வரை செல்லும் என்றது. இது வழக்கறிஞர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் பழைய உத்திதான், செய்தித்தாள்களுக்கு மட்டும் புதுமை. என்னை உறுத்தியது வேறு. இரண்டு பொதுக்கூட்டங்கள் நடந்தன, பத்திரிகையில் அறிவிப்பும் வந்தது. அப்படியும் புதிய வாரியம் இதை வெளியே சொன்னது மார்ச் 29-ல்தான். ஒரு மாநிலமே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், அந்தக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலைப் பொருட்படுத்திப் படித்தவர்கள் இல்லை.

பிறகு வழக்குகள். ஏப்ரல் 26-ல் வாரியம் ஒப்பந்தத்தைச் செல்லாது என்றது. பேச்சுரிமைக்காகப் பழிவாங்குகிறார்கள் என்று டிஸ்னி அன்றே கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. வாரியம் மாநில நீதிமன்றத்துக்குப் போனது. இந்த வழக்குகளுக்குச் சில நாட்கள் முன்பு ஆளுநர், பூங்காவுக்குப் பக்கத்து நிலத்தில் சிறைச்சாலைகூடக் கட்டலாம் என்று பேசியிருந்தார். ஆர்லாண்டோவில் சுமார் ஒரு பில்லியன் டாலரில் கட்டவிருந்த அலுவலக வளாகத்தை டிஸ்னி கைவிட்டது. 2024 ஜனவரி 31-ல் கூட்டாட்சி நீதிபதி டிஸ்னியின் வழக்கைத் தள்ளுபடி செய்தார். சட்டம் மேலோட்டமாக அரசியலமைப்புக்கு உட்பட்டிருந்தால், அதை இயற்றியவர்களின் உள்நோக்கத்தைத் தோண்டிப் பார்க்க முடியாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கு இது கவலை தருகிறது. பிடிக்காததைப் பேசியவரின் உள்ளாட்சியை மாற்றி எழுத, சட்டத்தின் வார்த்தைகள் பொதுவாக இருந்தால் போதும் என்றாகிவிடுகிறது.

2024 மார்ச்சில் மாநில வழக்கில் சமரசம். ஜூனில் 15 ஆண்டுக்குப் புதிய ஒப்பந்தம்: டிஸ்னி வரும் ஆண்டுகளில் 17 பில்லியன் டாலர் வரை முதலீடு செய்யும், ஐந்தாவது பெரிய பூங்காவுக்கும் வழி உண்டு. கூட்டாட்சி வழக்கில் டிஸ்னி செய்திருந்த மேல்முறையீடு கைவிடப்பட்டது. கம்பெனிக்கும் ஆளுநருக்கும் இடையே அமைதி. பூங்காவில் வேலை செய்து, சுற்றியுள்ள ஊர்களில் வாடகை கொடுத்து வாழும் பல்லாயிரம் பேருக்கு 1967-லும் அந்த வாரியத்தில் குரல் இல்லை, 2023-க்குப் பிறகும் இல்லை.

இதை நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஃபுளோரிடாவில் புதுக் குடியிருப்புகளில் வீடு வாங்கும் நம் குடும்பங்கள் பலவும் இதே குடும்பத்தைச் சேர்ந்த சிறு மாவட்டங்களில்தான் குடியேறுகிறார்கள். சி.டி.டி. (Community Development District, சமுதாய மேம்பாட்டு மாவட்டம்) என்று ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார். டெக்சஸில் இதுபோன்றதை எம்.யூ.டி. (Municipal Utility District) என்பார்கள், அங்கே விதிகள் வேறு. சி.டி.டி.யிலும் ஐந்து பேர் வாரியம், தொடக்கத்தில் ஏக்கருக்கு ஓர் ஓட்டு. அதனால் முதல் வாரியம் பில்டருடைய ஆட்களால் நிரம்பியிருக்கும். சாலைக்கும் வடிகாலுக்கும் அவர்கள் வாங்கும் நீண்டகாலக் கடனை, வீட்டை வாங்கியவர்தான் சொத்து வரி பில்லில் வருடா வருடம் அடைக்கிறார். பில்லில் சொத்து மதிப்பைச் சாராத கட்டணங்கள் என்று தனியாக ஒரு பகுதி இருக்கும், அங்கே பாருங்கள். அதில் கடன் தவணை எவ்வளவு, பராமரிப்பு எவ்வளவு என்று மாவட்ட மேலாளரிடம் கேட்டால் பிரித்துச் சொல்வார்கள். பராமரிப்புத் தொகை ஒவ்வோர் ஆண்டும் பொது விசாரணைக்குப் பின் முடிவாகிறது.

ஆறு ஆண்டுகள் கடந்து, மாவட்டத்தில் பொதுவாக 250 வாக்காளர்கள் பதிவாகியிருந்தால், இருக்கைகள் படிப்படியாகக் குடியிருப்பவர்களின் ஓட்டுக்கு மாறும். இங்கேதான் நம்மவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த 250-ல் அமெரிக்கக் குடியுரிமை உள்ள, பதிவு செய்த வாக்காளர்கள் மட்டுமே சேர்த்தி. ஹெச்-1பி விசாவிலும் கிரீன் கார்டிலும் இருப்பவர்கள் நிறைந்த குடியிருப்பில் அந்த எண்ணிக்கை மெதுவாகத்தான் எட்டும், அதுவரை பில்டர் கையில் வாரியம் நீளும். அதே சமயம், நில உரிமையாளர் தேர்தல் நடக்கும் காலத்தில் குடியுரிமை ஒரு தடையல்ல. வீட்டு மனை உங்கள் பெயரில் இருந்தால் ஓட்டு உண்டு, வர முடியாவிட்டால் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்தும் போடலாம். அந்தத் தேர்தல் அறிவிப்பு பத்திரிகையில் வரும், மாவட்டத்தின் இணையதளத்தில் கூட்ட நிகழ்ச்சி நிரலும் இருக்கும். வீடு வாங்கிவிட்டவர்கள் இந்த வாரமே அந்தத் தளத்தைத் திறந்து, ஐந்து உறுப்பினர்களின் பெயரையும், ஒவ்வொருவரும் நில உரிமையாளர் ஓட்டில் வந்தவரா வாக்காளர் ஓட்டில் வந்தவரா என்பதையும் பார்த்து வையுங்கள்.