முகாம் மட்டையை எறிந்துவிடாதீர்கள்

இடம்பெயர்ந்தவர்களுக்கு உதவப் போகிறோம் என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது அரிசி, பருப்பு, பாய், பால்மா. சரி, அதுவும் வேண்டும்தான். ஆனால் காணி, பிறப்புப் பதிவு, குடியுரிமை என்று திருகோணமலையில் அலைகிறவர்களுக்காக வழக்காடும் சட்டத்தரணியாக நான் கண்டது வேறு. அந்தக் குடும்பம் திரும்பவும் தன் வளவுக்குள் கால்வைக்குமா, பிள்ளை பரீட்சை எழுதுமா என்பதையெல்லாம் கடைசியில் கடதாசிதான் தீர்மானிக்கிறது. உலர் உணவு கொடுக்க நிறையப் பேர் வருகிறார்கள். கூட வந்து பிரதேச செயலக வாங்கில் அரைநாள் காத்திருக்க முன்வருபவர்கள் மிகக் குறைவு.

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்ச் சனம் 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்குள் வெளிக்கிட்டபோது காணி உறுதிப் பத்திரத்தைத் தேடி எடுக்க நேரம் இருக்கவில்லை. மட்டக்களப்புக்கு ஓடி, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். காணி விடுவிப்பு 2015-இல்தான் தொடங்கியது. போய்ப் பார்த்தால் வீடும் இல்லை, வேலியும் இல்லை. கிணற்றையும் பனையையும் வைத்துத்தான் பலர் தங்கள் வளவை அடையாளம் கண்டார்கள்.

உறுதி தொலைந்தால் காணி போய்விட்டது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நொத்தாரிசு உறுதி எழுதும்போது ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது, இன்னொன்று நொத்தாரிசிடமே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பதிவகத்தில் தேட உறுதி இலக்கமோ பதிவேட்டின் பக்கமோ தெரிய வேண்டும். மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவருக்கு இரண்டுமே தெரியாது. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து வளவை வரையச் சொன்னேன். “எனக்கு வரையத் தெரியாது தம்பி” என்றவர், கிணற்றில் தொடங்கினார். கிணற்றுக்குப் பக்கத்தில் புளியமரம், கிழக்கால ஒழுங்கை, வடக்கால தங்கச்சியின் வளவு. தங்கச்சியின் உறுதி ஒரு ஷொப்பிங் பைக்குள் பத்திரமாக இருந்தது. அதில் தெற்கு எல்லையாக இந்த அம்மாவின் தகப்பன் பெயர் எழுதியிருந்தது. இரண்டும் ஒரே காணியிலிருந்து பிரிந்தவை. அந்தப் பதிவேட்டுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டே போய் இவருடைய உறுதியின் பிரதியையும் எடுத்தோம். இடம்பெயர்ந்தவருடைய ஞாபகம் எவ்வளவு பெரிய சாட்சி என்று தெரியாமல்தான் பலர் அவரைப் பேசவிடாமல் படிவத்தை நிரப்பத் தொடங்குகிறார்கள்.

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்றால் வேறு வழி. பெர்மிட் மட்டை கையில் இல்லாவிட்டாலும் பிரதேச செயலகத்து லெட்ஜரைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் உரித்து வரிசையில் நீண்ட காலம் ஆண்களுக்கே முதலிடம் இருந்தது. 2022-இல் வந்த திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. இது தெரியாமல் “தம்பிக்குத்தானே போகும்” என்று ஒதுங்கி நிற்கும் மூத்த பெண்பிள்ளைகளை இன்னமும் காண்கிறேன். தயவுசெய்து அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இந்தியாவிலிருந்து திரும்பியவர்களின் கதை இன்னும் மெதுவாக நகர்வது. 1990-இல் இங்கிருந்து போய் மண்டபம் முகாமில் இறங்கி, தமிழ்நாட்டில் கலியாணம் முடித்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையிடம் இருப்பது இந்தியப் பிறப்புச் சான்றிதழ். தாய் தகப்பன் இலங்கையர் என்பதால் பிள்ளை தானாகவே இலங்கையர் என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ்ப் பதிய வேண்டும். சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பதியாமல் வந்தால், பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. முகாம் கோயிலில் நடந்த கலியாணம் பதியப்படாததால் தயங்குபவர்களும் உண்டு. 2003 திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் குடியுரிமை வரும் என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் சேர்க்கும்போதுதான் பழைய துண்டுகளின் அருமை தெரியும். முகாம் பதிவு மட்டை, கூப்பன், கிளினிக் கொப்பி, பள்ளிக்கூடச் சேர்விடாப்பு, பழைய வாக்காளர் இடாப்பின் பக்கம், சோலைவரி ரசீது எல்லாமே ஒருவர் எங்கே, எப்போது இருந்தார் என்று சொல்பவை. கறையான் தின்றதாக இருந்தாலும் எறியாதீர்கள்.

2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் மீட்கப்பட்ட ரோஹிங்யா அகதிகளைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், சின்னப் பிள்ளைகளும் கூட. நாமே அகதியாக இருந்த ஊர் இது. ஆனால் இலங்கை 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அதனால் உயிர் தப்பி வருபவர்கள் மீதும் குடிவரவுச் சட்டமே பாய்கிறது. அதற்காக நாம் வாயை மூடியிருக்க வேண்டியதில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இலங்கை 1994-இல் சேர்ந்தது. சித்திரவதைக்கு ஆளாகும் ஆபத்துள்ள இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று அது கட்டுப்படுத்துகிறது. அப்படி வருபவர்களுக்காக நாம் முதலில் கேட்க வேண்டியது மொழிபெயர்ப்பாளர், அப்புறம் சட்டத்தரணி. அவர்களுடைய முகத்தைப் படம் பிடித்து முகநூலில் போடுவது உதவியே அல்ல. விட்டுவந்த ஊரில் இருக்கும் உறவுகளுக்கு அதனால் ஆபத்து வரலாம்.

அலுவலகத்துக்குக் கூடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவருக்காக நீங்கள் பேசிக்கொண்டே போகாதீர்கள், அவர் பேச இடம் விடுங்கள். “சொந்த இடத்துக்குப் போய் எடுத்துக்கொண்டு வா” என்று அதிகாரி சொன்னால், உள்நாட்டு இடம்பெயர்வு பற்றிய 1998-ஆம் ஆண்டு ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகளின் 20-ஆவது கோட்பாட்டைச் சொல்லிக் காட்டலாம். ஆவணம் கொடுப்பதற்காக இடம்பெயர்ந்தவரைப் பழைய ஊருக்கு அலையவிடக் கூடாது என்று அதில் இருக்கிறது. அது நம் நாட்டுச் சட்டம் அல்ல, ஆனால் மரியாதையாக எழுத்தில் வைத்தால் சில அலுவலகங்களில் வேலை செய்கிறது. விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பதிலே இல்லையென்றால் 2016-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரிக்கை கொடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போகலாம். போகும்போது அந்தக் கறையான் தின்ற மட்டையையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.