சொல் விளக்கம்: டெதரிங்

போனில் இருக்கும் டேட்டாவை மடிக்கணினிக்குக் கொடுப்பதைப் பொதுவாக 'ஹாட்ஸ்பாட் போடுறது' என்கிறோம். செட்டிங்ஸைத் திறந்தால் அதற்குப் பக்கத்திலேயே டெதரிங் என்று இன்னொரு சொல் இருக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று பலர் அதைத் தொடுவதே இல்லை.

டெதர் மேய்ச்சல் நிலத்துச் சொல். மாடு தொலைதூரம் போய்விடாமல் முளைக்குச்சியில் கட்டிவைக்கும் கயிறுதான் டெதர். ஸ்காண்டிநேவியாவின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்தது. நம் ஊரில் அதற்குத் தும்பு, தாம்பு. கணினியைப் போனோடு ஒயரால் பிணைத்து இணையம் எடுத்த காலத்தில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வைஃபையும் புளூடூத்தும் வந்த பிறகும் போகவில்லை. ஆண்ட்ராய்டில் 2010இல் வந்த 2.2 பதிப்பிலிருந்தே யூஎஸ்பி டெதரிங்கும் வைஃபை ஹாட்ஸ்பாட்டும் கூடவே இருக்கின்றன. டெதரிங் என்பது குடும்பப் பெயர், ஹாட்ஸ்பாட் அதில் ஒரு பிள்ளை.

ஹாட்ஸ்பாட்டுக்குத் தமிழில் 'பகிரலை' புழங்குகிறது. பகிர்ந்த அலை, பகிர்கின்ற அலை, பகிரும் அலை என்று முக்காலத்துக்கும் விரியும் அழகான வினைத்தொகை. ஆனால் ஒயர் வழிக்கு இது பொருந்தாது, அங்கே அலையே கிடையாது. ஆகவே டெதரிங்குக்கு 'இணைப்புப் பகிர்வு' என்பதே சரி என்பேன். 'தும்பிணைப்பு' என்று யாராவது எழுதினால் ரசிப்பேன். தும்பு என்றால் என்னவென்று விளக்கத் தனிக் கட்டுரை வேண்டும் என்பதுதான் சிக்கல். புளூடூத்துக்குச் சொல்லப்படும் 'ஊடலை'யில் ஊடல் எட்டிப்பார்க்கிறது. அந்த வழியாக இணையம் பகிர்ந்து, அது எவ்வளவு மெதுவாக வரும் என்று பார்த்தவர்களுக்குப் பெயர்ப் பொருத்தம் புரியும்.

இணைப்புப் பகிர்வில் வேகம் இரண்டு இடங்களில் குறையலாம்: டவருக்கும் போனுக்கும் நடுவில், அல்லது போனுக்கும் மடிக்கணினிக்கும் நடுவில். முதலில் போனிலேயே வேகத்தைச் சோதியுங்கள். அங்கேயே மந்தம் என்றால் பகிர்வைக் குறை சொல்லிப் பயனில்லை. போனை ஜன்னல் பக்கம் வைத்துப் பார்க்கலாம். அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். தீர்ந்தால் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அதில் 1 எம்பி படம் இறங்கவே இரண்டு நிமிடம் பிடிக்கும்.

போனில் வேகம் நன்றாக இருந்து மடிக்கணினியில் மட்டும் இழுத்தால், பெரும்பாலும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெரிசல்தான். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் மூன்று சேனல்களுக்குத்தான் இடம். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு வைஃபைகள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதற்குள்தான் முட்டிக்கொள்கின்றன. ஹாட்ஸ்பாட் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சுவர் தாண்டினால் அது சோர்ந்துவிடும் என்பதால் போன் அதே அறையில் இருக்கட்டும். ஐபோன் 12 முதலான மாடல்களில் 'மேக்ஸிமைஸ் கம்பேட்டபிலிட்டி' என்பதை அணைத்தால் போதும். விண்டோஸ் கணினி என்றால் அந்த இணைப்பை 'மீட்டர்ட்' (டேட்டா அளவோடு வரும் இணைப்பு) என்று குறித்துவிடுங்கள். பெரும்பாலான அப்டேட்கள் பின்னணியில் டேட்டாவைத் தின்னாமல் நிற்கும்.

இவற்றையெல்லாம்விட எளிய வழி ஒயர். யூஎஸ்பி டெதரிங்கில் வைஃபை நெரிசல் இல்லை, கூடவே போனும் சார்ஜ் ஏறும். ஆனால் கேபிள் டேட்டாவும் கடத்தும் வகையாக இருக்க வேண்டும். சார்ஜுக்கு மட்டுமே ஆன மலிவு ஒயர்களில் கணினிக்குப் போன் இருப்பதே தெரியாது. கையில் கேபிளை வைத்துக்கொண்டு 'ஸ்பீடு பூஸ்டர்' ஆப்களைத் தேடி இறக்குகிறவர்களைப் பார்த்தால், தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.